பெங்களூர் வெயில் சுடாமலே கன்ற வைக்கும்: நிழல், சாப்பாடு, சன்ஸ்க்ரீன் பற்றி முழுமையான வழிகாட்டி

போன மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. அல்சூரில் நான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு டெலிவரி வண்டி ஓட்டும் தம்பி ஒருவன் வந்தான். தர்மபுரிக்காரன், பெங்களூர் வந்து ஆறு மாதம் ஆகிறது. இரண்டு புறங்கையையும் கவுண்டர்மேல் வைத்துக் காட்டினான். சட்டைக்கை முடிகிற இடத்தில் கோடு போட்ட மாதிரி நிறம் மாறியிருந்தது. அங்கிருந்து விரல் முட்டிவரை தோல் இழுத்துப் பிடித்தாற்போல் மினுமினுத்தது. ஓரத்தில் ஊதா கலந்த கருமை. என் கையைக் கிட்டே கொண்டுபோனாலே அனல் தெரிந்தது.

"அலர்ஜி மாதிரி இருக்குக்கா. ஏதாவது க்ரீம் குடுங்க."

"அலர்ஜி இல்ல தம்பி. வெயில்ல கன்றிப்போயிருக்கு."

"வெயிலா? எங்க ஊரு வெயிலையே பாத்தவன்க்கா நான். இங்க ஏசி போட்ட மாதிரில்ல இருக்கு!"

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் நாலு மணிவரை வண்டியில்தான் இருந்திருக்கிறான். காற்று சில்லென்று அடித்ததால் ஒரு தடவைகூட நிழல் தேடவில்லை. சென்னை, மதுரை, சேலம் என்று எங்கிருந்து வந்தாலும் முதல் கோடையில் நம் ஆட்கள் பலர் இப்படித்தான் ஏமாறுகிறார்கள். ஊரில் சூடு நம்மை நிழலுக்குத் துரத்தும். இங்கே துரத்த ஆள் இல்லை. கடையில் நின்றபடி ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாகச் சொல்வதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: சூட்டையும் வெயிலையும் பிரித்துப் பாருங்கள்

உடம்பில் சுரீரென்று படுவது வெயிலின் வெப்பம். தோலைக் கன்ற வைப்பது புற ஊதாக் கதிர், சுருக்கமாக யூவி. அதைக் கண்ணால் பார்க்க முடியாது, படும்போது தோலுக்கும் தெரியாது. காற்று குளிர்ந்திருந்தால் வெப்பம் குறைவாகத் தெரியும், கதிர் குறையாது.

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். மேலே காற்றின் அடுக்கு மெலிவதால் வடிகட்டுவதற்கு ஆள் குறைவு. ஆக, ஒரே மாதிரி தெளிந்த வானம் இருக்கும் நாளில் சென்னையில் படுவதைவிட இங்கே கொஞ்சம் அதிகமாகவே படும். இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகைதான், 13 டிகிரி வடக்கு. ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, பகல் பன்னிரண்டேகால் மணி சுமாருக்குப் பெங்களூரில் நட்டுவைத்த கம்புக்கு நிழலே விழாமல் போகும். நிழலில்லா நாள் என்று அதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள். அன்றைக்கும் மர நிழலில் நின்றால் இந்த ஊர் இதமாகத்தான் இருக்கும்.

கதிரில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு வகை. யூவி-பி மேல்தோலோடு நின்றுவிடும். கன்றுவது, தோல் உரிவது பெரும்பாலும் இதனால்தான். வைட்டமின் டி உண்டாவதும் இதனால்தான். யூவி-ஏ இன்னும் உள்ளே இறங்கும். கருமை, மங்கு, சுருக்கம் எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு. சாதாரண ஜன்னல் கண்ணாடி யூவி-பியைப் பெரும்பாலும் தடுத்துவிடும், யூவி-ஏ கணிசமாக உள்ளே வரும். ஆபீசில் கண்ணாடிச் சுவரை ஒட்டி உட்கார்ந்து வேலை செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உங்களுக்கு வைட்டமின் டி கிடைக்காது, கருமை மட்டும் கிடைக்கும். அமெரிக்காவில் 28 வருடம் லாரி ஓட்டிய ஒருவரின் படம் 2012-ல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. ஜன்னல் பக்கம் இருந்த இடது கன்னம் மட்டும் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது, வலது கன்னத்துக்கு அவ்வளவு வயது தெரியவில்லை. நம் ஊர்க் காரில் ஓட்டுபவர் வலது பக்கம் உட்காருவதால் நமக்கு வலது கையும் வலது கன்னமும்.

மேகத்தையும் நம்பாதீர்கள். மெல்லிய மேகம் கதிரில் பெரும்பகுதியை அப்படியே விட்டுவிடும்.

இரண்டாம் படி: உங்கள் நிழலை அளந்து பாருங்கள்

கதிர் எவ்வளவு பலமாக இருக்கிறது என்று காட்டும் எண்ணான யூவி இன்டெக்ஸைப் போனில் பார்க்கலாம். 3-க்குக் கீழே கவலை இல்லை, 3-லிருந்து காப்பு வேண்டும், 8-லிருந்து மிக அதிகம், 11-லிருந்து உச்சம். மார்ச், ஏப்ரல் மாதங்களில் தெளிந்த வானம் இருந்தால் பெங்களூரில் மத்தியானம் 11-ஐச் சாதாரணமாகத் தாண்டும்.

ஆனால் நான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பது நிழல் கணக்கு. சமதரையில் நின்று உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்களைவிட நீளமாக இருந்தால் பயமில்லை. உங்களைவிடக் குட்டையாகிவிட்டால் கதிர் பலமாக இருக்கிறது என்று பொருள், ஒதுங்கவோ மூடிக்கொள்ளவோ வேண்டும். படிக்காத பாட்டிக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் இது புரியும், நெட் வேண்டாம்.

பெங்களூருக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், மார்ச் கடைசியில் காலை ஒன்பதரை மணி சுமாரிலிருந்து பிற்பகல் மூன்றேகால் வரை நிழல் நம்மைவிடக் குட்டை. டிசம்பரில் பத்தேகாலிலிருந்து இரண்டு மணிக்குள். மார்ச்சில் ரோஸ் நிறத்தில் தபேபுயா பூக்கும்போது கப்பன் பார்க்கில் போட்டோ எடுக்கக் குடும்பத்தோடு போகிறவர்கள் சாதாரணமாகக் கிளம்புவதே காலை டிபன் முடித்துப் பத்து மணிக்கு மேல். அதையே ஏழு மணிக்குப் போய் ஒன்பதுக்குள் திரும்பினால் பூவும் நன்றாக இருக்கும், வெளிச்சமும் நன்றாக இருக்கும், பிள்ளைகளின் கன்னமும் தப்பிக்கும்.

மூன்றாம் படி: நம் தோலில் கன்றல் எப்படித் தெரியும்?

"நமக்கெல்லாம் சன்பர்ன் வராது, அது வெள்ளைக்காரங்களுக்கு" என்று இன்னமும் சொல்கிறார்கள். பாதி உண்மை. தோலின் கருமை என்பதே ஒரு குடை. மிகக் கருத்த தோலின் மேலடுக்குக்கு இயற்கையாகவே எஸ்பிஎஃப் (சன்ஸ்க்ரீன் டப்பாவில் போடும் காப்பு எண்) 13 அளவுக்குக் காப்பு உண்டு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வெளுத்த தோலுக்கு அது 3 சொச்சம்தான். வெயிலில் கன்றுமா கருக்குமா என்பதை வைத்துத் தோலை வகை பிரிக்கும் முறையை 1975-ல் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் கொண்டுவந்தார். இன்று அதில் ஆறு வகை. நம்மில் பெரும்பாலோர் நாலு, ஐந்து. அதாவது சீக்கிரம் கன்றாது, ஆனால் கன்றும். கன்றாவிட்டாலும் கருக்கும்.

நம் தோலில் சிவப்பு சட்டென்று கண்ணில் படாது. அதனால் தொட்டுப் பாருங்கள். சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாக இருக்கிறதா, இழுக்கிறதா, சட்டைத்துணி உரசினாலே எரிகிறதா, ஊதா நிறம் தட்டுகிறதா? இரண்டு நாள் கழித்து அரிப்பு, நாலைந்து நாளில் சாம்பல் நிறத்தில் மெல்லிய உரிதல். வேர்க்குரு இது கிடையாது. வேர்க்குரு வியர்வை அடைத்துச் சிறு சிறு பொரியாக, துணி மூடிய இடத்திலும் வரும். கன்றல் வெயில் பட்ட இடத்தில் மட்டும், விளிம்பு தெளிவாகத் தெரிகிற மாதிரி வரும்.

நம்மவர்களுக்கு அடிக்கடி கன்றுகிற இடங்களைக் கடையில் பார்த்துப் பார்த்துச் சொல்கிறேன்: வண்டி ஓட்டுபவர்களுக்குப் புறங்கை, பெண்களுக்கு ரவிக்கைக்கு மேலே முதுகு, தலை வகிடு, காது நுனி, செருப்பு வார் விட்ட இடம். சன்ஸ்க்ரீனை முகத்தில் மட்டும் தடவுகிறோம், மீதியெல்லாம் திறந்து கிடக்கிறது.

நான்காம் படி: முதலில் மறைப்பு, அப்புறம்தான் க்ரீம்

சன்ஸ்க்ரீன் விற்கிற கடையில் நின்றுகொண்டே சொல்கிறேன், குடைக்குத்தான் முதல் இடம். சாதாரணக் கறுப்புக் குடைகளை எடுத்து அளந்து பார்த்த ஒரு ஆய்வில் அவை புற ஊதாக் கதிரில் 90 சதவீதத்துக்கு மேல் தடுத்தன. துணிக்கு ஒரு சோதனை: வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், வெளிச்சம் சல்லடையாகத் தெரிந்தால் கதிரும் அப்படியே வரும். மெல்லிய வெள்ளைக் காட்டன் குளுமைதான், ஆனால் காப்பு குறைவு. நனைந்தால் இன்னும் குறையும். நெருக்கமாக நெய்த அடர் நிறத் துணி நல்லது. வண்டி ஓட்டுபவர்கள் கைக்கு மாட்டும் ஸ்லீவில் விரல் முட்டிவரை மூடுவதாக வாங்குங்கள். மணிக்கட்டோடு நின்றுவிடுகிற ஸ்லீவ் புறங்கையைக் காட்டிக்கொடுத்துவிடும், அந்தத் தம்பிக்கு நடந்தது அதுவே.

சன்ஸ்க்ரீனில் எஸ்பிஎஃப் 30 போதும். அது யூவி-பியில் 97 சதவீதத்தையும் 50 என்று போட்டது 98 சதவீதத்தையும் தடுக்கும். இந்த ஒரு சதவீதத்துக்குக் கொடுக்கும் கூடுதல் காசைவிட, முப்பதையே போதுமான அளவு தடவுவதில் பலன் அதிகம். பிஏ என்று போட்டுப் பக்கத்தில் மூன்று பிளஸ் குறியாவது இருக்கட்டும், அது யூவி-ஏவுக்கான குறி. முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து, ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனிவரை இரண்டு கோடு பிழிந்தால் அதுதான் அளவு. கடுகளவு எடுத்துத் தேய்த்துவிட்டு "வேலை செய்யலக்கா" என்று வருகிறவர்கள் நிறைய. வெளியே கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்பு தடவி, வெளியிலேயே இருந்தால் இரண்டு மணிக்கொருமுறை மறுபடி தடவ வேண்டும்.

மங்கு இருப்பவர்களுக்கு ஒரு விஷயம் தனியாக. கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமே மங்கைக் கூட்டும். அதனால் நிறம் சேர்த்த, இரும்பு ஆக்சைடு கலந்த சன்ஸ்க்ரீன் கேட்டு வாங்குங்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் க்ரீம் வேண்டாம், நிழலும் துணியும்தான். எண்ணெய் தேய்த்துக் குழந்தையை வெயிலில் போடும் பழக்கம் இருக்கிறது, தேங்காயெண்ணெய் வெயிலைத் தடுக்காது.

ஐந்தாம் படி: சாப்பாடு, பத்து வாரக் கணக்கு

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். "என்ன சாப்பிட்டா கருக்காம இருக்கும்?" ஒரு உருண்டை, ஒரு ஜூஸ், ஒரு மாத்திரை என்று பதில் எதிர்பார்க்கிறார்கள். சாப்பாடு தோலைக் காக்கும். ஆனால் இன்றைக்குத் தின்றால் வாரக்கணக்கில் கழித்துத்தான், அதுவும் கொஞ்சம்தான்.

சாப்பாடு சரியில்லாவிட்டால் வெயில் தோலை என்ன செய்யும் என்பதற்குப் பெலாக்ரா என்ற நோயைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. 1735-ல் ஸ்பெயினில் காஸ்பர் காசல் என்ற வைத்தியர் ஏழைக் குடியானவர்களிடம் இதைப் பார்த்து எழுதினார். வெயில் பட்ட புறங்கை, பாதம், கழுத்து மட்டும் கருகித் தடித்து வெடிக்கும். கழுத்தில் அட்டிகை போட்ட மாதிரி வரும் வளையத்துக்கு இன்றும் காசல் மாலை என்றே பெயர். வெறும் மக்காச்சோளத்தைத் தின்று வாழ்ந்தவர்களுக்கு வைட்டமின் பி3 கிடைக்காததே காரணம் என்பது உறுதியாக இருநூறு வருடம் ஆயிற்று. தக்காணத்தில் சோளத்தை மட்டுமே நம்பியிருந்த ஏழைகளிடமும் இதே நோயை ஹைதராபாத்தில் சி. கோபாலனும் அவருடன் இருந்தவர்களும் ஆராய்ந்தார்கள். போன தலைமுறைக் கதை என்று நினைக்காதீர்கள். தினமும் குடித்துவிட்டுச் சரியாகச் சாப்பிடாமல் படுப்பவர்களுக்கு இன்றும் வருகிறது. அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இரண்டு புறங்கையும் ஒரே மாதிரி கருகிச் செதில் செதிலாக இருந்து, கூடவே வயிற்றுப்போக்கும் மறதியும் இருந்தால் க்ரீம் தேடாதீர்கள், டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

பி3-க்குப் பெரிய செலவு வேண்டாம். வேர்க்கடலை, பருப்பு, கோழி, மீன், முட்டை, பால். கன்னடக் கார்த்திகை மாதக் கடைசித் திங்கட்கிழமை பசவனகுடியில் கடலைக்காய் பரிஷெ (வேர்க்கடலைச் சந்தை) நடக்கும்போது கிலோ கணக்கில் வாங்கி அவித்துத் தின்னுங்கள், வருடம் முழுவதும் ஒரு கைப்பிடி போதும்.

அடுத்தது சிவப்பும் மஞ்சளும். தக்காளிக்குச் சிவப்பு தருவது லைகோபீன். கேரட், பரங்கி, மாம்பழம், பப்பாளி, முருங்கைக்கீரை இவற்றில் பீட்டா கரோட்டின் (கீரையில் பச்சை அதை மறைத்துவிடும்). இரண்டும் ரத்தம் வழியாகத் தோலுக்குப் போய் அங்கே தங்கி, கதிர் பட்டதும் உண்டாகும் சேதத்தில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்கின்றன. 2001-ல் ஜெர்மனியில் ஒரு சோதனை செய்தார்கள். தினமும் 40 கிராம் தக்காளி விழுதும் 10 கிராம் ஆலிவ் எண்ணெயும் கொடுத்தார்கள். லைகோபீன் கணக்கில் 16 மி.கி. நாலாவது வாரத்தில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. பத்தாவது வாரத்தில் கதிர் காட்டியபோது, எண்ணெய் மட்டும் சாப்பிட்டவர்களைவிட இவர்களுக்குத் தோல் சிவப்பது 40 சதவீதம் குறைவாக இருந்தது. வெளுத்த தோலில், சின்னக் கூட்டத்தில் செய்த சோதனை. சன்ஸ்க்ரீனுக்குப் பக்கத்தில்கூட இந்தக் காப்பு வராது. ஆனால் துடைத்தால் போகாது, வியர்த்தால் வழியாது, முதுகுக்கும் வகிட்டுக்கும் சேர்த்துக் கிடைக்கும்.

இந்தச் செய்முறையை எங்கேயோ பார்த்த மாதிரி இல்லையா? தக்காளியைச் சுண்ட வைத்து எண்ணெயோடு சாப்பிடுவது. நம் வீட்டுத் தக்காளித் தொக்குதான். லைகோபீன் எண்ணெயில் கரைவது. வேக வைக்காத தக்காளியில் செல்லுக்குள் பூட்டிக் கிடக்கிறது, கொதித்தால் வெளியே வருகிறது. கோலார் தக்காளி நன்றாகப் பழுத்துக் காம்போரம்கூடப் பச்சை இல்லாமல் இருப்பதாகப் பொறுக்குங்கள். ஒரு கிலோவை நறுக்கி, நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயம், பெருங்காயம் தாளித்துக் கொட்டி, மிளகாய்த்தூளும் உப்பும் போட்டு மிதமான தீயில் விடுங்கள். முதலில் தண்ணீர் விடும், அப்புறம் குமிழ் குமிழாகத் தெறிக்கும், கடைசியில் ஓரத்தில் எண்ணெய் பிரிந்து வரும். அந்த எண்ணெய் ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறதே, அந்த நிறமே லைகோபீன். தொக்கைச் சாப்பிட்டுவிட்டு எண்ணெயை ஒதுக்கினால் பாதியை ஒதுக்கினீர்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைக் குறைத்துப் போடுங்கள்.

ஆனால் அளவு தெரிந்திருக்க வேண்டும். அந்த 16 மி.கி.க்கு வேக வைக்காத பழுத்த தக்காளியாக அரை கிலோவுக்கு மேல் வேண்டும். தட்டோரம் ஒரு ஸ்பூன் தொக்கு எட்டாது. ரசம், குழம்பு, தொக்கு, தக்காளிச் சாதம் என்று பல வழியில் சேர்த்தால் பக்கத்தில் வரலாம். இன்னொரு சுலப வழி தர்பூசணி. நூறு கிராமில் ஏறக்குறைய 4.5 மி.கி. லைகோபீன், தக்காளியைவிட அதிகம், வேக வைக்கவும் வேண்டாம். வெயில் ஏறுகிற மாதத்திலேயே அதுவும் மலிவாக வருகிறது. இரண்டு பெரிய துண்டு போதும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மட்டும் அளவு பார்த்து.

பத்து வாரம் என்றால் எப்போது தொடங்குவது? பொங்கலன்று தொடங்கினால் மார்ச் கடைசிக்குச் சரியாக இருக்கும். ஏப்ரலில் கன்றிய பிறகு தக்காளி வாங்கினால் அந்தக் கோடைக்கு அது உதவாது.

இதை மாத்திரையாக விழுங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம், அதுவும் புகை பிடிப்பவர்கள் கட்டாயம் வேண்டாம். ஃபின்லாந்தில் 29,000-க்கும் மேற்பட்ட, புகை பிடிக்கும் ஆண்களிடம் செய்த சோதனையின் முடிவு 1994-ல் வந்தது. தினமும் 20 மி.கி. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. கேரட்டும் கீரையும் அப்படிச் செய்யாது.

வைட்டமின் சி தோலைத் தாங்கும் கொலாஜன் என்ற புரதத்தைக் கட்டுவதற்கு வேண்டும். ஒரு நாளைக்கு ஆணுக்கு 80, பெண்ணுக்கு 65 மி.கி. ஒரு கொய்யாவிலேயே இதற்கு மேல் கிடைக்கும், ஒரு பெரிய நெல்லிக்காயிலும் கிடைக்கும். புரதம் குறைந்தால் புண் ஆறத் தாமதமாகும், தினமும் பருப்போ முட்டையோ மீனோ வேண்டும். முகப்பரு உள்ள பிள்ளைகளுக்கு இனிப்பு, மைதா, ஜிம் போகிறவர்கள் குடிக்கும் வே பவுடர் (பால் புரதப் பொடி) மூன்றையும் இரண்டு மாதம் குறைத்துப் பாருங்கள், பலருக்குக் குறைகிறது. பருத் தழும்பு வெயிலில் கருக்கும் என்பதால் அவர்களுக்கும் குடை.

தண்ணீர் நிறையக் குடித்தால் கன்றாது என்பது சரியல்ல. தண்ணீர் உடம்புச் சூட்டுக்கு நல்லது. தோலின் மேல் விழுகிற கதிரை அது தடுக்காது.

ஆறாம் படி: வெயிலோடு சேரக் கூடாதவை

எலுமிச்சை முதலில். கல்யாண வீட்டுக்காக மொட்டை மாடியில் உட்கார்ந்து நூறு எலுமிச்சை பிழிந்த ஒரு அம்மா, மூன்றாம் நாள் கையைக் காட்டினார். சாறு வழிந்த வழியிலேயே, மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை விரல் அகலத்தில் கொப்புளக் கோடு. நெருப்புப் பட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். எலுமிச்சைத் தோலில், அத்தி இலைப் பாலில், இன்னும் சில செடிகளில் இருக்கும் ஒரு வகைப் பொருள் யூவி-ஏ பட்டதும் தோலைச் சுடும். ஒன்றிரண்டு நாள் கழித்தே தெரியும், கருப்புக் கோடு மாதக்கணக்கில் நிற்கும். சாறு குடிப்பதில் ஒன்றும் ஆகாது. பிழிந்தால் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு வெளியே போங்கள். முகக் கருமை போக எலுமிச்சை தேய்ப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

இன்னொன்று நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது: கார்போக அரிசி. நலங்கு மாவிலும் குளியல் பொடியிலும் மணத்துக்காகப் போடுவார்கள். அதில் சோரலென் என்ற பொருள் இருக்கிறது. தோலை வெயிலுக்குக் கூச வைக்கும் அந்தக் குணத்துக்காகத்தான் வெண்புள்ளிக்கு அதை மருந்தாக வைத்தார்கள். உங்கள் பொடியில் அது இருந்தால் சாயங்காலக் குளியலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அல்லது அதை விட்டுவிட்டு அரைக்கச் சொல்லுங்கள்.

மாத்திரைகளிலும் உண்டு. பருவுக்கும் காய்ச்சலுக்கும் தரும் டாக்ஸிசைக்ளின், ரத்த அழுத்தத்துக்குத் தரும் ஹைட்ரோகுளோரோதயசைடு, பருவுக்கான ஐசோட்ரெடினாயின் எல்லாம் தோலைச் சீக்கிரம் கன்ற வைக்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லிவிட்டு மறைப்பைக் கூட்டுங்கள். அப்புறம், சீட்டு இல்லாமல் வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு கலந்த வெளுப்பு க்ரீம்கள். ஒரு மாதம் முகம் பளிச்சென்று இருக்கும். பிறகு தோல் மெலிந்து, வெயிலில் நின்றாலே எரிகிற நிலைக்கு வந்துவிடும். இப்படி வந்து என் முன்னால் அழுத பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். அக்காவாகக் கேட்டுக்கொள்கிறேன், தொடாதீர்கள்.

ஏழாம் படி: வைட்டமின் டி-க்கு எவ்வளவு வெயில்?

வெயிலே ஆகாது என்று வீட்டுக்குள் உட்கார்ந்தால் இன்னொரு பிரச்சினை. நம் நாட்டில் வைட்டமின் டி குறைவு மிகப் பரவலாக இருக்கிறது. காலை ஏழு மணி இளவெயில் டி தரும் என்பார்கள். மனதுக்கு நல்லது, ஆனால் அந்த நேரத்தில் யூவி-பி மிகக் குறைவு. நிழல் ஏறக்குறைய நம் உயரத்துக்கு வருகிற நேரத்தைத்தான் நான் சொல்வேன், கோடையில் ஒன்பதரை மணி சுமார். முகத்துக்கு வேண்டாம், முகம் வாழ்நாள் முழுக்க வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. கையும் காலும் படும்படி வாரத்தில் மூன்று நாலு நாள், 15-லிருந்து 30 நிமிடம். கருத்த தோலுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம். தோல் இழுக்கிற மாதிரி தோன்றும் முன்பே உள்ளே வந்துவிட வேண்டும். அதற்கு மேல் நின்றால் டி அதிகமாகாது, ஓர் அளவுக்குப் பின் தோலே அதை உபயோகமில்லாத பொருளாக மாற்றிவிடும்.

சாப்பாட்டில் டி குறைவாகவே கிடைக்கும். மத்தி மீன், முட்டை மஞ்சள் கரு, டி சேர்த்த பால் (பாக்கெட்டில் பிளஸ் எஃப் குறி இருக்கும்). வாங்கிய காளானை நறுக்கிக் கொஞ்ச நேரம் மத்தியான வெயிலில் வைத்தால் அதில் டி ஊறும், இது உண்மைதான். மாத்திரை என்றால் ரத்தப் பரிசோதனை பார்த்து, டாக்டர் சொன்ன அளவு. வாரத்துக்கு ஒன்று என்று கொடுத்த 60,000 யூனிட் மாத்திரையைத் தினமும் விழுங்கி வாந்தியோடு வந்தவரைப் பார்த்திருக்கிறேன்.

எட்டாம் படி: கன்றிவிட்டால்

வெயிலில் இருந்து வந்த மூன்று நாலு மணி நேரத்தில் ஆரம்பித்து மறுநாள் உச்சத்துக்குப் போகும். எனவே "இப்ப பரவாயில்லையே" என்று மறுபடி வெளியே போகாதீர்கள். கால் மணி நேரம் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள், இல்லாவிட்டால் ஈரத்துணி போடுங்கள். ஐஸ் வேண்டாம். ஈரம் காயுமுன் வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர். சோற்றுக்கற்றாழை போடலாம், ஆனால் மடலை வெட்டியவுடன் வழிகிற மஞ்சள் பால் எரிச்சல் தரும். வெட்டு கீழே பார்க்கும்படி டம்ளரில் கால் மணி நேரம் நிறுத்தி, பால் வடிந்த பிறகு கழுவி உள்ளே இருக்கும் தெளிந்த சதையை மட்டும் எடுங்கள். நெய், பற்பசை, எலுமிச்சை, மஞ்சள் எதுவும் வேண்டாம். வலிக்குப் பாரசிட்டமால் போதும். இளநீர், மோர், தண்ணீர் நிறையக் குடியுங்கள், கன்றிய தோல் வழியாக நீர் போய்க்கொண்டே இருக்கும். உரிகிற தோலைப் பிய்க்காதீர்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள். ஆறும்வரை அந்த இடத்துக்குத் துணிதான் குடை.

கொப்புளம் உள்ளங்கையைவிடப் பெரிய இடத்தில் இருந்தால், காய்ச்சலோ வாந்தியோ குளிர் நடுக்கமோ வந்தால், பேச்சு குழறினால், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கன்றியிருந்தால் கடைக்கு வராதீர்கள், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உள்ளங்காலிலோ நகத்தடியிலோ புதிதாகக் கரும்புள்ளி வந்து பெரிதானால் அதற்கும் வெயிலுக்கும் சம்பந்தமில்லை. நம் போன்ற தோலில் மெலனோமா என்ற புற்றுநோய் அந்த இடங்களில்தான் அதிகம் தொடங்கும். அதை ஒரு வாரத்துக்குள் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.